அஞ்சு லிட்டர் கிரைண்டரும் அப்பாவின் ஒட்டுவேலைகளும்

பெல்ட்டில் ஓடும் பழைய மாடல் வெட் கிரைண்டரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யப் பார்க்கிறவர்களுக்கு இது உதவும். எங்கள் அப்பாவைப் பற்றியும் நிறைய வரும். அவரை விட்டுவிட்டு இந்த மெஷினைப் பற்றி எழுத வழியில்லை. எந்த நட்டைக் கழற்றினாலும் உள்ளே அவர் செய்துவைத்த வேலை ஒன்று இருந்தது.

மெஷின் அஞ்சு லிட்டர், சாய்க்க முடியாத மாடல். ஆங்கிள் இரும்பில் வெல்டிங் செய்த ஸ்டாண்ட், அடியில் அரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், அதிலிருந்து வி பெல்ட், பெரிய புல்லி, பல்சக்கரப் பெட்டி, அதற்கு மேலே சுற்றுகிற கல். குழவி சங்கிலியில் சாய்ந்து நிற்கும். கல் சுற்றச் சுற்றத் தன் எடையிலேயே உருளும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும். புல்லியும் பல்சக்கரமும் அதைக் குறைத்துக் கொடுக்காவிட்டால் மாவு சுவரில்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் வெட் கிரைண்டரைச் செய்தார். அப்புறம் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று தெருவுக்குத் தெரு பட்டறைகள் வந்தன. 2005-06இல் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் மெஷினில் கம்பெனி பேர் எதுவும் இல்லை. மூடப்போன ஒரு சின்ன ஓட்டலில் இருந்து, 1983 தீபாவளி போனஸில் அப்பா வாங்கி வந்த பழைய மெஷின் இது. பெண்கள் அஞ்சு, பையன்கள் மூணு, நான் ஏழாவது. அப்பா அம்மாவோடு பத்துப் பேர், ஊரில் இருந்து அப்பத்தா வந்துவிட்டால் பதினொன்று. இரண்டு லிட்டர் மெஷினில் ஆட்டினால் அம்மா அன்றைக்கு அடுப்புப் பக்கமே போக முடியாது.

அப்பா போன பிறகு இதைத் தொட ஆளில்லை. 2011இல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டேபிள் டாப் கிரைண்டர் வீட்டுக்கு வந்ததும் இது பின்கட்டுக்குப் போய்விட்டது. இப்போது அண்ணன் சிங்காநல்லூர் வீட்டை இடித்துக் கட்டுகிறார். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கல்லுக்குக் காசு வராதுங்க. நீங்களே எறக்கி வெச்சுட்டீங்கன்னா மத்ததை எடை போட்டுக்கலாம்" என்றார். பெரியக்கா காதுக்கு இது எப்படிப் போனதோ, அன்று மாலையே போன். "அய்யனோட கிரைண்டரு எடைக்குப் போவக்கூடாது. உனக்குத்தான் இந்த நட்டு போல்ட்டு வேலையெல்லாம் வருமல்ல, எடுத்துட்டுப் போயி ஓட வெய்யி."

முதலில் கல். சங்கிலியைக் கழற்றிக் குழவியைத் தனியாக எடுத்தாயிற்று. பெரிய கல்லை எடுக்கத் தேங்காய் நார்க்கயிறும் மூங்கிலும் நாலு ஆளும் வேண்டும். கல்லைப் புரட்டி உருட்டிக் கொண்டுபோகாதீர்கள்; விளிம்பு பெயர்ந்தால் ஒட்ட வைக்க எதுவும் இல்லை. எடுப்பதற்கு முன்னால் கல்லிலும் கீழ்த் தட்டிலும் நேர்நேராகப் பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. எங்கள் தட்டில் ஏற்கெனவே பச்சைப் பெயின்டில் கோடு இருந்தது. அது மில் மெஷின்களுக்கு அடிக்கிற பச்சை.

அப்பாவுக்குப் பல்லடம் பக்கம் மானாவாரிக் காடு. சோளமும் கொள்ளும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே கோவைக்கு வந்து மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்தார். சங்கு ஊதும்போது கேட்டில் நிற்க வேண்டும். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். பல வருடம் அப்படிப் போய், அப்புறம்தான் நிரந்தரம் ஆனார். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்களுக்குப் பிட்டர். மில் வேலையும் சங்கமும் அவருக்கு ஒன்றுதான். 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட நாலு மில் தொழிலாளர்களின் நினைவு நாளுக்கு வருடம் தவறாமல் சின்னியம்பாளையத்துக்குச் சைக்கிளில் போவார். கேரியரில் ஒரு பிள்ளை இருக்கும். வருடத்துக்கு ஒருவர், முறை வைத்து.

மோட்டாருக்கு வருவோம். பிளக்கைச் சொருகியதும் உறுமியது, சுற்றவில்லை. இதற்குக் காரணம் பல இருக்கலாம். மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் செத்திருக்கலாம், வேகம் பிடித்ததும் அதைத் துண்டித்துவிடுகிற சென்ட்ரிபியூகல் சுவிட்ச் உள்ளே ஒட்டாமல் இருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், வோல்டேஜே குறைவாக வரலாம். சிலர் புல்லியைக் கையால் தள்ளிவிட்டு ஓட்டப் பார்ப்பார்கள். வேண்டாம், விரல் பெல்ட்டுக்குள் போய்விடும். உறுமிக்கொண்டு நிற்கிற மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வைண்டிங் கருகும்.

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது, ஆனால் கரகரவென்று. பேரிங் மாற்ற வேண்டியதுதான், ஆனால் மோட்டார் நிற்பதற்குக் காரணம் அது இல்லை. கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாக இறக்கிவிட்டு டெஸ்டரில் வைத்தால் அது ஒன்றும் காட்டவில்லை. மேலே எழுதியிருந்த அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் பார்த்துப் புதிதாகப் போட்டேன். சுவிட்சின் முனைகளில் கரி. ஜீரோ நம்பர் எமரியில் தேய்த்ததும் பளிச்சென்றாகிவிட்டன. ஓடுகிற வைண்டிங்கைவிடக் கிளப்புகிற வைண்டிங்கில் ஓம் கூடுதலாகக் காட்ட வேண்டும், காட்டியது. ஆனால் இன்சுலேஷன் அளக்கிற 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் அது ஒரு மெகா ஓம் கூட வரவில்லை. பின்கட்டில் வருடக்கணக்காக நின்ற ஈரம். மோட்டாரைப் பிரித்து அட்டைப்பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்போடு வைத்துக் காயவிட்ட பிறகு அளவு ஏறியது. வார்னிஷ் அடித்து, 6204 பேரிங் இரண்டு போட்டு மூடினேன்.

டெர்மினல் பெட்டிக்குள் ஒயர் ஜாயிண்ட் ஒவ்வொன்றின் மேலும் பருத்தி நாடா சுற்றி, வார்னிஷ் ஊட்டியிருந்தது. ரிங் பிரேமில் ஸ்பிண்டிலைச் சுற்றுகிற டேப் அது. தேய்ந்து கழித்துப் போட்ட டேப்பை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்களுக்குப் புத்தகப்பை கட்டியது, டிரவுசருக்கு நாடா கோத்தது எல்லாம் அதில்தான். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் சுற்று ஒன்றுகூட அவிழவில்லை. ஜாயிண்டைப் பிரிக்க பிளேடு வேண்டியிருந்தது.

இந்த மோட்டாரின் பழைய கெப்பாசிட்டர்கள் அடிக்கடி போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் வோல்டேஜ் விழுந்துவிடும். மோட்டார் கிளம்புகிற விசை வோல்டேஜின் இருமடிக்குத் தக்கபடி இருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் விசை பாதிக்கும் கீழே போய்விடும். ஊறின உளுந்தும் கல்லும் சேர்ந்தால் மோட்டார் கிளம்பாது, கெப்பாசிட்டர் சூடாகிப் போய்விடும். அதனால் மாவாட்டுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ரெண்டாவது ஷிப்ட் முடித்து ராத்திரி ஒரு மணிக்கு மேல் வருவார். அப்போது ஊர் தூங்கிவிடும், வோல்டேஜ் முழுசாக இருக்கும். அம்மா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு அவரே போட்டு, அவரே தள்ளிவிட்டு, வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்த பிறகு ஸ்டாண்டின் நாலு காலுக்கும் லாரி டயரை வெட்டிச் செருப்புப் போட்டார். அந்த ரப்பரை நான் மாற்றவில்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற எதுவும் அந்தத் தடிமன் இல்லை.

பிளக் இரண்டு பின். ஸ்டாண்டுக்கு எர்த் கிடையாது. தண்ணீரும் இரும்பும் மின்சாரமும் ஒன்றாக இருக்கிற மெஷினில் இதைவிட ஆபத்து வேறில்லை. நீங்கள் மோட்டாரையே தொடாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று பின் பிளக் போட்டு, பச்சை ஒயரை மோட்டார் உடம்புக்கும் ஸ்டாண்டுக்கும் தனித்தனியாகக் கொண்டுவந்து, பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். சுவரில் இருக்கும் மூன்றாவது ஓட்டைக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் அது வெறும் ஓட்டையாகவே இருக்கும்.

அப்பாவுக்கு இது தெரியாததில்லை. வீடு முழுக்க ஒயரிங் மாற்றி, எர்த் குழி வெட்ட வேண்டும். அதற்குப் பணம் இல்லை. அதற்குப் பதில் அவர் செய்தது ஒரு பலகை. பகலில் அவசரத்துக்கு அம்மா ஆட்ட வேண்டி வந்தால் அதன் மேல் ஏறி நின்றுதான் ஆட்ட வேண்டும். பாபின் பெட்டியின் பலகை இரண்டைச் சேர்த்து, அடியில் நாலு மூலையிலும் டயர் ரப்பர் அடித்தது. ஆணிகளைக் கவனித்துப் பார்த்தேன். எல்லாம் கட்டை ஆணி; ரப்பரைத் தாண்டி மரத்தில் பாதி வரைதான் ஏறியிருக்கிறது. ஒன்றின் முனைகூட மேலே, கால் படுகிற பக்கம் எட்டவில்லை. எட்டியிருந்தால் ஆணி வழியாகவே ஷாக் அடிக்கும், பலகை போட்டதே வீண். கையில் அப்போது இருந்தது நீள ஆணி போலிருக்கிறது, சிலதை வெட்டிச் சிறிசு பண்ணி அடித்திருக்கிறார்.

அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லியிருக்க மாட்டார். அது சம்பள நாள் விஷயம். மாதாமாதம் சம்பளம் வாங்கிய அன்று ஒரு பிள்ளையை மட்டும் டவுனுக்குக் கூட்டிப்போவார். அன்னபூர்ணா ஓட்டலில் ஒரு ரோஸ்ட். எட்டுப் பேர், அதனால் எட்டு மாதத்துக்கு ஒரு முறைதான் நம் முறை வரும். சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்ததும் கேட்பார்: "ஊட்ல ஆருக்கு என்ன வேணும் கண்ணு? உன்றத உட்டுட்டுச் சொல்லு." படிப்பைப் பற்றிக் கேட்கமாட்டார், நமக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கமாட்டார். மற்ற ஏழு பேருக்கும் அம்மாவுக்கும் என்ன குறை என்பதை நாம் சொல்ல வேண்டும். முறை நெருங்கும்போதே எங்களுக்கு ஒரு கண் வந்துவிடும்: சின்னக்கா செருப்பு அறுந்தது, பெரியண்ணனுக்கு போர்டு எழுத்துத் தெரியவில்லை, தம்பி ராத்திரியில் இருமுகிறான். பெரியண்ணனுக்குக் கண்ணாடி வந்தது இப்படித்தான். அம்மா கிரைண்டரைத் தொட்டால் கையை உதறுகிறார் என்று சொன்னதும் அங்கேதான். சொன்னது தான்தான் என்று மூணாவது அக்காவும் சின்ன அண்ணனும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

இப்போது கல் உட்காருகிற தண்டு. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. தண்டுக்குக் கீழே ஒரு பேரிங், மேலே ஒரு பேரிங். கீழே இருப்பது எடையைத் தாங்கும். மேலே இருப்பதற்கு எடை இல்லை, ஆனால் கழுவுகிற தண்ணீர் அத்தனையும் முதலில் அங்கேதான் இறங்கும். புல்லர் போட்டு இழுத்தால் மேலே இருந்து வந்தது பேரிங்கே இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். ஹைலம். துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்கிற பலகை. மில்களில் புஷ், பல்சக்கரமெல்லாம் அதில் கடைவார்கள். 6205 பேரிங் உட்காருகிற இடத்துக்கு, அதே 52 மி.மீ. வெளிவிட்டம், 25 மி.மீ. உள்விட்டத்தில் கடைந்திருந்தது. எண்ணெய் போக இரண்டு காடி. மில் லேத்தில், சாப்பாட்டு நேரத்தில் கடைந்ததாக இருக்க வேண்டும்.

இதை எப்போது போட்டார் என்று குடும்பக் குரூப்பில் கேட்டேன். அன்று ராத்திரி முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியக்கா சொன்னது: "நாலாவது தங்கச்சி கல்யாணத்துக்குச் சந்தகைக்கு மாவாட்டையில கட்டுக்கட்டுன்னு சத்தம். புது பேரிங்கு வாங்கோணும், கல்யாணம் முடியட்டும்னாரு." (சந்தகை என்பது எங்கள் பக்கத்தில் சேவைக்குப் பேர்.) நாலாவது அக்கா அப்படி இல்லை என்கிறாள். "என்ற கல்யாணத்தப்ப நல்லா ஓடுச்சு. அஞ்சாவதோட தெரட்டிச் சீருக்கு முந்தி." சின்ன அண்ணனுக்கு நினைவிருப்பது வேறு: தன் பாலிடெக்னிக் பீஸ் கட்டிய மாதம் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை, கைக்கல்லில் ஆட்டினார்கள். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் எப்படியும் ஒன்று தெரிகிறது. அந்தக் காலத்தில் ஒரு 6205 வாங்குவது பெரிய செலவே இல்லை. ஆனால் கையில் வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏற்கெனவே ஒரு பிள்ளை பேர் இருந்தது. மெஷின் பேர் அந்த வரிசையில் கடைசி.

பெல்ட்டும் அப்படித்தான். ஏ செக்ஷன் பெல்ட், ஸ்டாண்டின் உள்பக்கம் நம்பரைப் பச்சைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார். பெல்ட் ஓட ஓட நீளும். நீண்டால் நழுவும், கல் நிற்கும். மோட்டார் அடிப்பலகையில் இருக்கிற நீள ஓட்டையில் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். அந்த ஓட்டை முடிந்துவிட்டால் புது பெல்ட்தான். அப்பா ஓட்டை முடிந்த பிறகு மோட்டாருக்கு அடியில் வேல மரத்தில் ஆப்பு வைத்துச் சாய்த்திருக்கிறார். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று ஆப்பு, மூன்றும் வேறு வேறு தடிமன். ஒரே பெல்ட்டில் மூன்று முறை ஆயுள் வாங்கியிருக்கிறார். ஆனால் மோட்டார் சாய்ந்ததில் பெல்ட் புல்லியின் ஒரு ஓரத்தையே தின்று, புல்லி போய்விட்டது. புல்லியும் பெல்ட்டும் புதிது போட்டு, ஆப்புகளை எடுத்தேன். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சாகும்.

ஹைலம் விஷயத்தில் கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்காரரிடம் யோசனை கேட்டேன். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்குத் துரு புடிக்காதுங்க. பேரிங்கைவிட இதே நல்லதுங்க. கடைஞ்சவரு வேலை தெரிஞ்சவரு" என்றார். உள்ளே ஒரு பக்கம் முட்டையாகத் தேய்ந்திருந்தது. அவர் புதிதாக ஹைலமே கடைந்து தருகிறேன் என்றார். எனக்கோ முறைப்படி பேரிங் போட்டுவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அப்பா தள்ளிப்போட்டதை நானாவது வாங்கிப் போடுவோம் என்று. இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 6205 போட்டு, மேலே ஆயில் சீல் வைத்தேன்.

கல் கொத்துகிறவர்கள் இப்போது தெருவில் வருவதில்லை. ஊத்துக்குளியில் கிரைண்டர் கல் வேலை செய்த பெரியவர் ஒருவரை ஒரு பட்டறையில் பிடித்துக் கூட்டி வந்தோம். குழவியை மடியில் சாய்த்துக்கொண்டு உளியை விரல் நுனியில் பிடித்து, சுத்தியை மணிக்கட்டிலேயே ஆட்டினார். ஓங்கி அடித்தால் கல் பெயரும். உளி தட்டித் துள்ளினால் போதும். கொத்து ஆழமாக இருந்தால் மாவு கொரகொரப்பாகும், மேலோட்டமாக இருந்தால் நாலு மாதத்தில் வழவழப்பாகி மாவு சூடாகும். மாவு படாத மேல் விளிம்பில் பழைய கொத்து அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதைக் கொத்துனவரு பீச்சாங்கைக்காரருங்களா? கோடு எதுக்கால சாயுது பாருங்." அப்பா சாப்பிடுவது வலது கையில், சுத்தி பிடிப்பது இடது கையில். கல்லைக் கொத்தியது அவர்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ராத்திரியில், ஆட்டுவதற்கு முன்னால் செய்திருப்பார்.

கொத்தின கல்லில் உடனே மாவாட்டக் கூடாது, கல் தூள் பல்லில் மாட்டும். கழுவிவிட்டு முதலில் தவிடும் தண்ணீரும் விட்டு ஓட்டிக் கொட்டினோம். அப்புறம் ரேஷன் அரிசியைக் கொஞ்சம் ஊறவைத்து ஆட்டிக் கொட்டினோம். கையில் எடுத்துத் தேய்த்தால் மணல் நெருடாத வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். மோட்டார் உறுமாமல் ஒரே மூச்சில் கிளம்பியது. பல்சக்கரத்தில் லேசாக ஒரு முனகல் இருக்கிறது. கிரீஸ் மாற்றியும் போகவில்லை. பெரியண்ணன் அது முன்பே இருந்த சத்தம்தான் என்கிறார்.

பெரியக்கா வந்து சந்தகைக்கு ஆட்டினாள். இட்லி அரிசி மட்டும், உளுந்து கிடையாது. தண்ணீர் குறைத்துக் கெட்டியாக ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடாகவே அச்சில் பிழிய வேண்டும்; ஆறினால் பிழிகிறவர் தோள் கழன்றுவிடும். எர்த் போட்டாயிற்று, பலகை வேண்டியதில்லை என்று நான் சொல்லியும் அவள் அதை இழுத்துப் போட்டு ஏறி நின்றுதான் மாவைத் தள்ளினாள். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மாவு இன்னும் கொஞ்சம் நைசாக வந்திருக்கலாம் என்றாள்.

கழுவும்போது பார்த்தேன், ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. இப்படியே விட்டால் வருடத்துக்குள் மேல் பேரிங்கில் துரு ஏறும். லேத்காரரிடம் ஹைலமே கடையச் சொல்லி அளவு கொடுத்துவிட்டேன். கல்லைத் திரும்ப இறக்க நாலு ஆள் வேண்டும். ஆவணியில் சின்னக்கா மகள் கல்யாணம் இருக்கிறது, அது முடிந்ததும் பிரிக்கலாம் என்று இருக்கிறேன்.